நெல்லை வாசகர் கேள்வி – பதில்: ஓட்டத்தில் முதல், கபடியில் பிடிபடுவது ஏன்?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் 100 மீட்டரில் அவன்தான் முதல். கபடியில் பாடிப் போனால் மட்டும் கணுக்காலைப் பிடித்துப் போட்டுவிடுகிறார்கள். இவ்வளவு வேகமாக ஓடுகிறவன் ஏன் மாட்டுகிறான்?
– ஒரு தாய், மேலப்பாளையம்

பதில்: ஆண்கள் கபடிக் களத்தில் ஓர் அணியின் பாதி ஆறரை மீட்டர் நீளம்தான். 100 மீட்டர் ஓடுகிற பையன் முழு வேகத்துக்கு வரவே 30 மீட்டர் போல ஆகும். அவனுடைய பெரிய பலத்துக்குக் கபடியில் இடமே கிடையாது. அங்கே வேண்டியது அஜிலிட்டி: வேகத்தை அடக்கி, திசை மாற்றி, மறுபடி பாய்வது.

அடுத்த முறை அவன் திரும்பும் இடத்தில் காலைக் கவனியுங்கள். நிமிர்ந்தபடியே வந்து, கடைசி எட்டை நீளமாக வைத்துத் திரும்பினால், கால் நின்ற பிறகும் உடம்பு முன்னால் போய்க்கொண்டிருக்கும். பிடிக்கிறவனுக்கு அந்த நேரம் போதும். கடைசி இரண்டு மூன்று எட்டைக் குறுக்க வேண்டும், இடுப்பைத் தாழ்த்த வேண்டும். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடது காலை வெளியே தள்ளி ஊன்றி உந்த வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் பழகின ஒரு காலிலேயே திரும்புவார்கள். எதிரணி இரண்டு ரெய்டில் அதைப் படித்துவிடும்.

பயிற்சிக்கு 5 மீட்டர் இடைவெளியில் மூன்று கோடு போடுங்கள். நடுக்கோட்டில் நின்று வலப்பக்கக் கோட்டைத் தொட்டு, அங்கிருந்து 10 மீட்டர் ஓடி இடப்பக்கக் கோட்டைத் தொட்டு, நடுவுக்குத் திரும்ப வேண்டும். அடுத்த முறை இடப்பக்கம் தொடங்கட்டும். ஆறு முறை போதும், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. இது பழகியதும், எந்தப் பக்கம் என்று எதிரே நிற்பவர் கடைசி நொடியில் கை காட்டட்டும். முன்கூட்டியே தெரிந்த திருப்பம் கபடியில் வராதே!

கேள்வி: எதிர்வினை நேரத்தை வீட்டிலேயே அளக்க முடியுமா?
– பிளஸ் ஒன் மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: ஒன்றைப் பார்த்ததும் கை அசைந்து பதில் செய்ய ஆகும் நேரம்தான் அது. அளக்க 30 செ.மீ. ஸ்கேல் ஒன்று போதும். முழங்கையும் முன்கையும் மேசையில் படிந்திருக்க, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். தோழி ஸ்கேலை மேல்முனையில் பிடித்துத் தொங்கவிட, சுழியம் உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்க வேண்டும். அவர் சொல்லாமல் விடுவார். நீங்கள் பிடித்த இடத்தின் அளவைக் குறியுங்கள். 10 செ.மீ. என்றால் சுமார் 0.14 நொடி, 15 என்றால் 0.175, 20 என்றால் 0.20. ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

இதில் கெட்டுப்போவது விடுகிறவரால்தான். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணி விட்டால் அளப்பது எதிர்வினையை அல்ல, யூகத்தை. ஒரு முறை ஒரு நொடியில், மறுமுறை நாலு நொடியில் என்று மாற்றி மாற்றி விட வேண்டும். 5 செ.மீ.க்குள் பிடித்துவிட்டால் அந்த முயற்சியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது 0.1 நொடிக்குச் சமம். சர்வதேச 100 மீட்டரில் அதைவிடச் சீக்கிரம் கிளம்பினால் தவறான தொடக்கம் என்று வெளியேற்றிவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் தேரி மணல். அதில் நின்றே நீளம் தாண்டிப் பழகினால் கால் பலம் கூடும் என்கிறார்கள். ஆனால் அளவு கூடவே இல்லை.
– பத்தாம் வகுப்பு மாணவன், திசையன்விளை

பதில்: இறங்க மணல் நல்லது, எழும்பத்தான் அது ஆகாது. நீங்கள் உந்துகிற விசையில் ஒரு பங்கை மணல் நகர்ந்து விழுங்கிவிடும். கெட்டித் தரையில் நின்று உந்தி மணலில் இறங்குங்கள். கைகளைப் பின்னால் வீசி, முழங்காலை மடக்கி, கையும் காலும் ஒரே நேரத்தில் விரிய வேண்டும். கை பிந்தினால் தூரம் குறையும். அளவு, கோட்டிலிருந்து அருகில் பதிந்த குதிகால் வரை. பின்னால் சாய்ந்து கை ஊன்றினால் அந்தத் தடம் வரைதான்.

வாரம் இரண்டு நாள், தடவைக்கு ஐந்து தாவல் என மூன்று தடவை, நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு. தண்டனையாக 50 தவளைத் தாவல் போடச் சொல்வது இன்றும் நடக்கிறது. அதில் வெடித்து எழும்பும் ஆற்றல் வளராது. களைத்த காலோடு குதித்து முழங்கால் நோவதுதான் மிச்சம்.

கேள்வி: அஜிலிட்டி, எதிர்வினை நேரம் எல்லாம் வரும் ‘திறன் சார்ந்த உடற்தகுதி’ப் பட்டியலில் வலிமையும் நெகிழ்வும் ஏன் இல்லை?
– மாணவர், நாங்குநேரி

பதில்: அவை உடல்நலம் சார்ந்த பட்டியலில் வருகின்றன, இதய-நுரையீரல் தாங்குதிறன், தசைத் தாங்குதிறன், உடல் கட்டமைப்பு ஆகியவையும் அங்கேதான். திறன் சார்ந்தவை ஆறு: அஜிலிட்டி, சமநிலை, ஒருங்கிணைப்பு, ஆற்றல், எதிர்வினை நேரம், வேகம்.

கேள்வி: 45 பிள்ளைகள், 40 நிமிட பீரியட், கையில் நாலு டென்னிஸ் பந்து. எதை எப்போது வைப்பது?
– உடற்கல்வி ஆசிரியர், சேரன்மகாதேவி

பதில்: எட்டு நிமிடம் உடலைச் சூடாக்கியதும் வேகம், அஜிலிட்டி, தாவலை வையுங்கள். மைதானத்தைச் சுற்றும் ஓட்டம் கடைசியில் வரட்டும். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. நாலு சுற்று ஓடி மூச்சு வாங்கும் பிள்ளைக்கு ஷட்டில் ரன் (இரண்டு கோடுகளுக்கு நடுவே ஓடிக் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து வைப்பது) வைத்தால், களைப்பைத்தான் ஸ்டாப்வாட்ச் காட்டும்.

காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வேலை கொடுக்கலாம். ஒன்று, காம்பவுண்ட் சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்று, வலக்கையால் எறிந்து இடக்கையால் பிடித்து, இடக்கையால் எறிந்து வலக்கையால் பிடிப்பது. 30 நொடியில் எத்தனை பிடி என்று எண்ணுங்கள். மற்றது, கைகள் இடுப்பில் இருக்க, ஒரு பாதத்தை மறுகாலின் முழங்காலில் பதித்து, குதிகாலை உயர்த்தி நிற்பது. குதிகால் தரையைத் தொட்டாலோ கை விலகினாலோ நேரம் முடிந்தது. பார்வையை எதிரே ஒரு புள்ளியில் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஷட்டில் ரன்னில் கட்டையைக் கோட்டுக்கு அப்பால் வைக்க வேண்டும், எறியக் கூடாது. சரள் மண்ணில் அடி தேய்ந்த கேன்வாஸ் ஷூ திருப்பத்தில் வழுக்கும். கோடு போடுமுன் அந்த இரண்டு முனைகளையாவது பெருக்கிவிடுங்கள்.