கம்ப்யூட்டர் லேபில் மாணவர்களுக்கு என்னென்ன விதிகள் வைக்கலாம்?

அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் நடத்துகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் மவுஸ் யார் கையில் என்பதற்கு விதி வையுங்கள். எங்கள் லேபில் ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர். எதுவும் சொல்லாமல் விட்டால், வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிற பிள்ளை கீபோர்டை இழுத்துக்கொள்ளும். மற்ற பிள்ளை பீரியட் முடியும்வரை வேடிக்கை பார்க்கும். ரெக்கார்டு நோட்டில் இருவருக்கும் புரோகிராம் அழகாக இருக்கும், ஆனால் செய்முறைத் தேர்வில் ஒருவருக்கு ஃபைலைச் சேமிக்கவே தெரியாது. அதனால் பாதி நேரத்தில் இடம் மாறியே ஆக வேண்டும். டைப் செய்யாதவருக்கும் வேலை உண்டு: பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் இஃப் (if) வரியின் கடைசியில் கோலன் (:) இருக்கிறதா, அடுத்த வரி உள்ளே தள்ளி ஆரம்பிக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். "டேய், கோலன் போடலடா" என்று குரல் கேட்டால் அங்கே பாடம் நடக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் மானிட்டர். நான் போர்டில் விளக்கும்போது மானிட்டரின் பட்டனை மட்டும் அணைத்துவிட வேண்டும். சிஸ்டம் ஓடிக்கொண்டே இருக்கும், அடித்தது எதுவும் போகாது. இந்த விதியில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 2013இல் கனடாவில் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளியானது. பாடம் நடக்கும்போது லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்களின் மதிப்பெண் குறைந்தது. அந்தத் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்து, பேப்பரில் குறிப்பெடுத்தவர்களின் மதிப்பெண்ணும் சுமார் 17 சதவீதம் குறைந்தது. இதை மாணவர்களிடமே சொல்லுங்கள். "என் மார்க்தானே போகும்" என்ற பேச்சு நின்றுவிடும்.

மேசைகளைச் சுவரோரமாக, திரைகள் நடுவைப் பார்க்கிற மாதிரி போட்டால் ஒரே இடத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்கலாம். வேயான் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் ஆசிரியர் தன் சிஸ்டத்திலிருந்தே மாணவர்களின் திரைகளைப் பார்க்கலாம், பூட்டலாம். போட்டால் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். தெரியாமல் கண்காணிப்பது சரியில்லை.

பென் டிரைவை கேட்காமல் சொருகக் கூடாது, எழுந்து போகும்போது மெயிலிலிருந்து லாக் அவுட் செய்ய வேண்டும். இவை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

தண்டனை விஷயத்தில் மட்டும் ஒரு வேண்டுகோள். "இனி லேபுக்கு வராதே" என்று யாரையும் அனுப்பாதீர்கள். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு கீபோர்டைத் தொடக் கிடைப்பதே இங்கேதான். கேம் விளையாடினால் அந்த சிஸ்டத்தில் நெட்டைத் துண்டியுங்கள், உங்கள் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து அன்றைய புரோகிராமை அடித்து முடிக்கச் சொல்லுங்கள். அடுத்த பீரியடில் பழைய இடத்துக்கே போகட்டும்.