வலிக்காத ஆணிக்கால்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61, 16 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுவதே அவருக்குத் தெரிவதில்லை. வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே ஆணிக்கால் போலத் தடித்திருக்கிறது. வலி இல்லாததால் அவரே பிளேடால் சீவிக்கொள்கிறார். பாதத்துக்கென்று தனி மருத்துவர் உண்டா? யாரிடம் காட்டுவது? – வாசகி, கும்பகோணம்

பதில்: செருப்பு கழல்வது தெரியவில்லை, தடிப்பைச் சீவினாலும் வலிக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் இரண்டும், பாதத்தின் உணர்வு நரம்புகள் பெரிதும் பழுதுபட்டிருப்பதையே காட்டுகின்றன. நீண்டகால நீரிழிவில் உணர்ச்சி குறைவதோடு, பாதத்தின் சிறு தசைகளும் வலுவிழப்பதால் விரல்கள் மடங்கி, அவற்றின் அடிப்பகுதி எலும்பு முனைகள் கீழ்நோக்கித் துருத்துகின்றன. வியர்வை நின்று தோலும் வறண்டு வெடிக்கிறது. ஒவ்வோர் அடியிலும் எடை அதே இடத்தில் விழுவதால் அங்கே தோல் தடிக்கிறது. தடித்த தோலோ, செருப்புக்குள் சிக்கிய கூழாங்கல்லைப் போல, தனக்கு அடியில் உள்ள சதையை நசுக்குகிறது. தடிப்பின் நடுவே பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால், உள்ளே இரத்தம் கசிந்து புண் உருவாகத் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள்.

ஆகவே, பிளேடை இன்றோடு நிறுத்த வேண்டும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஆணிக்கால் பிளாஸ்டரும் வேண்டாம். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் தடித்த தோலோடு நல்ல தோலையும் அரித்துவிடும், அந்த எரிச்சலும் அவருக்குத் தெரியாது. பயிற்சி பெற்றவர் தூய்மையான அறுவைக் கத்தியால் தடிப்பை அவ்வப்போது செதுக்கி எடுப்பதே முறை.

பிரிட்டன் போன்ற நாடுகளில் பாத மருத்துவம் தனிப் பட்டப்படிப்பு. நம் நாட்டில் அத்தகையோர் மிகக் குறைவு. இங்கே நீரிழிவு மருத்துவர், அறுவை மருத்துவர், பயிற்சி பெற்ற செவிலியர், செருப்பு செய்து தரும் தொழில்நுட்பர் ஆகியோர் இப்பணியைப் பகிர்ந்து செய்கிறார்கள். தமிழக அரசின் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டம் இதற்காகவே உள்ளது. எனவே உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையின் தொற்றாநோய்ப் பிரிவிலோ தொடங்குங்கள். தேவைப்பட்டால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

பரிசோதனை எளியது. அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலின் சில இடங்களைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். அதிர்வை உணர்கிறாரா என்று, தட்டினால் அதிரும் உலோக இசைக்கவையை வைத்துப் பார்ப்பார்கள். பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலுக்குப் பின்னும் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்ப்பதும் அவசியம். இரத்த ஓட்டம் குறைந்த பாதத்தில் சிறு காயமும் ஆறாது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அந்த ஓட்டம் மேலும் கெடும். உணர்விழப்போடு பாதத்தின் வடிவமும் மாறியிருந்தால் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும். ‘சர்க்கரை இப்போது கட்டுக்குள்தானே இருக்கிறது’ என்று பலர் இதைத் தவிர்க்கிறார்கள். கட்டுப்பாடு மேலும் சேதம் ஆகாமல் தடுக்க உதவுமே தவிர, இழந்த உணர்வைப் பெரும்பாலும் மீட்டுத் தராது.

செதுக்கிய தடிப்பு மீண்டும் வளராதிருக்க, அழுத்தத்தைக் குறைக்கும் காலணி வேண்டும். உணர்விழந்த பாதம் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால்தான் புண்ணாகிறது என்பதை, வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் பால் பிராண்ட் விரிவாக ஆராய்ந்து காட்டினார். அந்தத் தொழுநோயாளிகளுக்குப் பயன்பட்ட எம்.சி.ஆர். (நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர்) செருப்பையே இன்று நீரிழிவு நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கிறோம். பின்வார் இருக்க வேண்டும். விரலிடுக்கில் அழுத்தும் ஹவாய் செருப்பு கூடாது. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் அளவு கொடுங்கள். வீட்டுக்குள்ளும் அணிய வேண்டும். மாட்டும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் கோயில்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன்: நண்பகலில் கொதிக்கும் கற்பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றி வந்து, மாலையில் கொப்புளத்தைப் பார்த்த பிறகே சுட்டது தெரிந்து வருவோர் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. அதிகாலையில் போகட்டும், கெட்டியான காலுறையோடு.

தினமும் இரவு உள்ளங்காலை நீங்களே பாருங்கள். விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, அவ்விடம் தவிர மற்ற இடங்களில் தேங்காய் எண்ணெய் தடவலாம். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம்.

நீர் கசிவு, துர்நாற்றம், காய்ச்சல், விரல் கறுத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காயம் எதுவும் இன்றி ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால் அது எலும்பு மூட்டுகள் நொறுங்கத் தொடங்கும் ‘சார்க்கோ’ பாதமாகவும் இருக்கலாம். வலி இல்லை என்று நடக்கவிடாமல், அந்தக் காலை ஊன்றாதபடி அழைத்துச் செல்லுங்கள்.