1994 தோல்விக்கு பாஜியோதான் காரணமா?

இத்தாலியும் பிரேசிலும் மோதிய 1994 உலகக் கிண்ணக் கால்பந்து இறுதிப் போட்டியை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்தோம். கோல் இல்லாமல் முடிந்து பெனால்டி உதைகளில் முடிவான ஆட்டத்தில், இத்தாலியின் ரொபர்ட்டோ பாஜியோ அடித்த பந்து கம்பத்துக்கு மேலால் போனதும் மாமா, "இவனாலதான் போச்சு" என்றார். இன்றுவரை அதே பேச்சு.

ஆனால் பாஜியோவுக்கு முன்பே அவரது அணியின் பரேசியும் மசாரோவும் பெனால்டியைத் தவறவிட்டிருந்தார்கள். பாஜியோ கோல் போட்டிருந்தாலும் 3-3தான். பிரேசிலுக்கு இன்னும் ஓர் உதை மீதி இருந்தது.

சரி, இத்தாலி இறுதிக்கு வந்ததே யாரால்? நைஜீரியாவிடம் தோற்று வெளியேற இரண்டே நிமிடம் இருக்கும்போது சமன் செய்தவர் அவர். அப்புறம் மேலதிக நேரத்தில் வெற்றி கோல், அதுவும் பெனால்டியில்! ஸ்பெயினுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் ஒன்று, பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு. 1998இல் சிலிக்கு எதிராகத் துணிந்து மறுபடி பெனால்டி எடுத்து கோலாக்கினார். மாமாவுக்கு அது மட்டும் நினைவில்லை.