ஒட்டிய பவளத்துண்டு இரண்டு நாளில் கழன்று விழுந்தால்

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் மோன்டிபோரா (ஒரு வகைக் கல் பவளம்) துண்டு ப்ளக்கிலிருந்து (துண்டை ஒட்டிவைக்கும் சிறு பீடம்) இரண்டு முறை கழன்றுவிட்டது, எடுக்கும் படமும் நீலமாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். பசையைக் கூட்ட வேண்டாம், துண்டின் அடிப்பக்கத்தை உலர்த்துங்கள். மோன்டிபோரா இரண்டு முறையும் ப்ளக்கிலிருந்து கழன்றதற்குச் சளிதான் காரணமாக இருக்கும். வெட்டுப்பட்ட பவளம் சளி சுரக்கும். பசை எலும்புக்கூட்டை விட்டுவிட்டு அந்தச் சளியில் ஒட்டிக்கொள்ளும்.

விழுந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். பசை முழுக்க ப்ளக்கில் தங்கியிருந்தால் நான் சொன்னதுதான். துண்டோடு வந்திருந்தால் ப்ளக்கில் பாசி படிந்திருக்கிறது, அதைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள்.

1. வெட்டிய முனையை மட்டும் டிஷ்யூ தாளில் ஒற்றுங்கள். உயிருள்ள சதைப்பகுதி ஈரமாகவே இருக்கட்டும்.

2. ஜெல் வகை சயனோஅக்ரிலேட் (சூப்பர் க்ளூ) மட்டும். தண்ணீர்போல ஓடும் பசை இடைவெளியை நிரப்பாது. லேசாகத் திருகி அழுத்தி, அரை நிமிடம் அசையாமல் பிடித்துவிட்டுத் தொட்டி நீரில் முக்குங்கள். இந்தப் பசை ஈரத்தில்தான் இறுகும், பயப்பட வேண்டாம்.

3. தொட்டிப் பாறையில் வைக்கும்போது ஜெல், எபாக்ஸி மாவு (பிசைந்து வைத்தால் இறுகும் பசை), மறுபடி ஜெல் என்று அடுக்குங்கள். மாவு மட்டும் வைத்தால் வழுக்கிவிடும்.

தொட்டியின் நீல விளக்கில் படம் நீலமாக வருவது கேமராவின் குறையல்ல. வெள்ளை விளக்கைக் கூட்டி, பம்பை நிறுத்தி, கண்ணாடிக்கு நேராக நின்று எடுங்கள். சாய்த்து எடுத்தால் ஓரங்கள் கலங்கும். நீல ஒளியிலேயே பவளத்தின் ஒளிர்வு வேண்டுமென்றால் லென்ஸுக்கு முன் ஆரஞ்சு ஃபில்டர் வையுங்கள்.

இது கல் பவளத்துக்கான முறை. காளான் பவளம் பசையை உதறிவிடும். சோவாந்தஸ் (கூட்டமாக வளரும் மென்பவள வகை) வெட்டுவதானால் கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம்; சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. சோவாந்தஸ் ஒட்டிய பாறையைச் சுடுநீரில் போடவே போடாதீர்கள்.