வாசகர் கேள்வி: மேஜர் லீக்கை எட்டாத வேகம்

கேள்வி: பேஸ்பாலில் மிக வேகமாகப் பந்து எறிந்தவர் என்று பலரும் சொல்லும் ஒருவர், அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை என்று படித்தேன். உண்மையா? அவர் ஏன் அதற்குக் கீழ்ப்படியான மைனர் லீக்கிலேயே முடங்கிப்போனார்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: உண்மைதான். ஸ்டீவ் டால்கவ்ஸ்கி என்ற அந்த இடக்கைப் பிட்சர் (பந்து எறிபவர்), கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில் 1939இல் பிறந்தவர்; பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு 1957இல் மேஜர் லீக் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, 1965 வரை மைனர் லீக் அணிகளில் ஊர் ஊராக ஆடினார். 'முடங்கிப்போனார்' என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கதவுவரை அவர் வந்துவிட்டார்.

பேஸ்பாலில் மட்டையாளர் அடிக்கத் தவறும் பந்தும், அடிக்காமல் விடும் இலக்கு தவறாத பந்தும் ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவர் அவுட்; பந்து நான்கு முறை இலக்கைத் தவறினால், அவர் மட்டையை அசைக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம்; இதுதான் வாக். டால்கவ்ஸ்கி முதல் ஆண்டிலேயே, கிங்ஸ்போர்ட் அணிக்காக, 62 இன்னிங்ஸில் (பேஸ்பால் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்பது இன்னிங்ஸ்) 121 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார்; 129 பேரை நடக்கவும் விட்டார். 1960இல் ஸ்டாக்டன் அணியில் இரண்டு கணக்கும் சரிசமம்: 262, 262.

வேகத்தை அளக்க 1958இல் அவரை மேரிலாந்தில் உள்ள ராணுவச் சோதனைத் தளத்துக்கு அழைத்துச் சென்றார்கள். முந்தைய நாள்தான் ஓர் ஆட்டத்தில் பந்து வீசியிருந்தார். ஏறி நின்று வீசும் மண்மேடும் அங்கே இல்லை. கருவியின் கண்ணில் பந்து படும்வரை நெடுநேரம் எறிந்து கை ஓய்ந்த பிறகு பதிவானது மணிக்கு 93.5 மைல், அதாவது சுமார் 150 கிலோமீட்டர். அந்த ஒற்றை எண்ணை வைத்து அவருடைய வேகத்தை எடைபோடுவது நியாயமே அல்ல.

திருப்பம் 1962இல் எல்மைரா அணியில் வந்தது. பின்னாளில் ஓரியோல்ஸ் அணிக்கு 1970இல் மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்று தந்த ஏர்ல் வீவர் அங்கே மேலாளராக இருந்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு திருத்தம் சொல்லிக் குழப்பியிருந்த இளைஞரிடம், வேகப்பந்து, பக்கவாட்டில் வளையும் ஸ்லைடர் ஆகிய இரண்டை மட்டும் வீசும்படியும், வேகப்பந்தை இலக்கின் நட்டநடுவில் போடும்படியும் அவர் சொன்னார். அந்தப் பருவத்தில் 160 இன்னிங்ஸில் 192 ஸ்ட்ரைக் அவுட், 114 வாக் மட்டுமே. கற்றுக்கொடுப்பதைக் குறைத்ததுதான் அவருக்குக் கைகொடுத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த மார்ச்சில், வசந்தகாலப் பயிற்சியின்போது, மேஜர் லீக் சீருடைக்கு அளவெடுத்தார்கள். அதே நாளில், யாங்கீஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், அவருடைய முழங்கை விட்டுப்போனது. பழைய வேகம் அதன்பின் திரும்பவே இல்லை.

கேள்வி: அதன்பின் அவர் என்ன ஆனார்?
— வாசகர், ஈரோடு

பதில்: கலிபோர்னியாவில் பண்ணைக் கூலியாக உழைத்தார், குடிப்பழக்கம் நினைவாற்றலையும் தின்றது. டால்கவ்ஸ்கி பிறந்த ஊருக்கே திரும்பி, அங்குள்ள பராமரிப்பு இல்லத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்தார். 2003இல் ஒரு மாலை, பால்டிமோர் மைதானத்தில் ஓரியோல்ஸ் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் சடங்குப் பந்தை வீசியவர் அவர்தான்.