வீட்டு ஸ்டீரியோ வாங்கும் முன் எந்தப் பாட்டுகளைப் போட்டுக் கேட்க வேண்டும்?

கடைக்காரர் போட்டுக் காட்டுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு கிட்டார், ஒரு மெல்லிய குரல், நடுவில் ஒரு 'தும்'. இது எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் கேட்கும். நீங்கள் நூறு தடவை கேட்டுப் பழகிய ஐந்தாறு பாட்டுகளை எடுத்துப் போங்கள். பிடித்ததா என்பதைவிட, ஒவ்வொன்றும் எந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கும் என்று பார்த்துப் பொறுக்குங்கள்.

முதலில் 1960களின் திரைப்பாட்டு ஒன்று. அவை பெரும்பாலும் மோனோ பதிவுகள், அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில் உட்கார்ந்தால் குரல் அந்த நடுவிலிருந்தே வர வேண்டும். குரல் எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் பரவி, பேஸும் (தாழ்ந்த ஒலி) காணாமல் போனால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு வயர்கள் இடம் மாறியிருக்கின்றன. கடைகளில் இது அபூர்வமில்லை. சரியாக மாற்றி மாட்டச் சொல்லிவிட்டு மேலே போங்கள். (பிற்பாடு ஸ்டீரியோவாக மாற்றி வெளியிட்ட பதிப்பு இந்தச் சோதனைக்கு உதவாது.)

அடுத்து கச்சேரிப் பதிவு. என் கணக்கில் மிருதங்கத்தைவிட நல்ல பரீட்சை வேறில்லை. தொப்பியில் (இடப்பக்கம்) கும்கி, அதாவது கையை அழுத்தித் தேய்த்து எழுப்பும் ஒலி, வழுக்கி ஏறுவது ஏறுவதாகவே கேட்க வேண்டும். மட்டமான பெட்டியில் எல்லா அடியும் ஒரே 'தொப் தொப்'. வலந்தலையின் (வலப்பக்கம்) 'நம்' உலோகம்போல் கிணுங்கினால் ட்ரெபிளை (உச்ச ஒலிகளை) தூக்கி வைத்திருக்கிறார்கள். பாடகியின் ச, ஷ எழுத்துகளையும் கவனியுங்கள். அவை ஊசியாய்க் குத்தினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை எங்கோ ஒலி மிகையாகத் தூக்கியிருக்கிறது. கடையில் 'தெளிவு' போலத் தோன்றும் இது, வீட்டில் அரை மணியில் தலைவலி.

பேஸுக்கு, பேஸ் கிட்டார் படியேறி இறங்கும் பாட்டு வேண்டும்; ஒரே இடி இடிக்கும் பாட்டு வேண்டாம். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். 5 அங்குல வூஃபர் (பேஸ் தரும் கூம்பு) உள்ள சிறு ஸ்பீக்கர் பெரும்பாலும் அதற்கு முன்பே தளர்ந்துவிடும். அது குற்றமில்லை. ஒரு சுரம் மட்டும் வீங்கிக் கேட்பதுதான் தொல்லை. நாற்காலியை இரண்டடி நகர்த்திப் பாருங்கள். வீக்கம் மாறினால் அறையின் வேலை, மாறாவிட்டால் பெட்டியின் வேலை. 12 அடி நீள அறை 47 ஹெர்ட்ஸ் பக்கம் தானே முழங்கும் என்பதால், கடையில் கேட்ட பேஸ் உங்கள் ஹாலில் அப்படியே வராது.

கடைசியாக நாகஸ்வரம், தவில், ஜால்ரா சேர்ந்த பதிவு ஒன்றைச் சத்தமாக வையுங்கள். ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) திணறினால் மூன்றும் கலந்து ஒரே இரைச்சலாகும்.

பாட்டு சரியாக இருந்தும் சோதனை கெடுவது பெரும்பாலும் வால்யூமால். இரண்டு செட்டில் ஒன்று 1 டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே காது அதைத்தான் 'நல்லது' என்னும். ஃபோனில் ஒலி அளக்கும் ஆப் போட்டு, 'பிங்க் நாய்ஸ்' (சோதனைக்கான சீரான இரைச்சல்) ஃபைலை ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் இரண்டையும் 75 டெசிபலுக்குக் கொண்டுவாருங்கள். ஆப்பின் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒப்பிடப் போதும். லவுட்னஸ் பட்டன், பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாம் அணைந்திருக்கட்டும். ப்ளூடூத் வேண்டாம், சிடி, அல்லது பென் டிரைவில் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) ஃபைல் போதும். 128 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கிய எம்பி3யில் ஜால்ரா ஏற்கெனவே குழைந்திருக்கும், பழி ட்வீட்டர்மேல் (உச்ச ஒலி தரும் சிறு ஸ்பீக்கர்) விழும்.

ஒவ்வொரு பாட்டிலும் ஒன்றரை நிமிடப் பகுதி போதும். எந்த நொடியில் என்ன கேட்க வேண்டும் என்று துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் செட், இரண்டாவது, மறுபடி முதலாவது என்று மாற்றிக் கேளுங்கள். பிடித்த செட்டில் ராத்திரி பத்து மணிக்கு வைக்கிற அளவு குறைத்து, அதே கச்சேரியை இன்னொரு முறை போடச் சொல்லுங்கள். பாட்டின் வார்த்தை புரியாவிட்டால் அந்த செட் வேண்டாம்.