கோர்ஸுக்குக் காசு கட்டுவதற்கு முன்

அன்புள்ள அம்மா,

மகன் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறார். நாள் முழுக்க லப்டொப்பில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்துவைத்து எதையோ தட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டால் ஐடி படிக்கிறேன் என்கிறார். கிளாஸும் இல்லை, சேர்டிபிகேட்டும் இல்லை. இது உருப்படுகிற வழியா, இல்லை வெள்ளவத்தையில் விசாரித்து வைத்திருக்கும் டிப்ளோமாவுக்கு இந்த மாதமே பணத்தைக் கட்டிவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்ட அவசரப்படாதீர்கள். பெறுபேறு வரும்வரை பிள்ளையை அந்தத் திரையோடு விடுங்கள். ஆனால் சும்மா விட வேண்டாம். அவர் செய்வதில் விஷயம் இருக்கிறதா, பொழுது போகிறதா என்று பிரித்துப் பார்க்க உங்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தத் திரைக்குப் பெயர் கொமாண்ட் லைன். மவுஸால் கிளிக் செய்வதற்குப் பதிலாகக் கட்டளையைத் தட்டி வேலை வாங்குவது. இதற்கும் கள்ளத்தனமாக மற்றவர் கணக்குக்குள் நுழைவதற்கும் சம்பந்தமில்லை, பக்கத்து வீட்டில் என்ன சொன்னாலும். 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையோடு வளர்ந்த பழக்கம் இது. ஒரு கட்டளை ஒரு சின்ன வேலையை மட்டும் செய்யும். ஒன்றின் விடையை அடுத்ததற்குள் ஊற்றிவிடும் 'பைப்' என்ற வழியை டக் மக்கில்ரோய் வற்புறுத்த, 1973 இல் அதையும் சேர்த்தார்கள். 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமையும் இதே வழியைப் பின்பற்றியது. இன்றைக்கு இணையத்தளங்களையும் வங்கிச் செயலிகளையும் தாங்கி நிற்கும் சேவர்களில் பெரும்பாலானவை லினக்ஸில்தான் ஓடுகின்றன. அந்த சேவர்களுக்கு முன்னால் மவுஸும் இல்லை, திரையும் இல்லை. தூரத்திலிருந்து கட்டளை தட்டித்தான் பார்க்க வேண்டும். ஐம்பது வருடப் பழைய விஷயத்தை இன்றும் படிக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

உங்கள் கணவருக்குப் புறக்கோட்டையில் ஹாட்வெயார் கடை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று, பயிற்சிக்கு வேறெங்கும் அலைய வேண்டாம். பில் போடும் மென்பொருளிலிருந்து ஒரு வருட விற்பனையை சிஎஸ்வி கோப்பாக எடுக்கச் சொல்லுங்கள். வரிக்கு ஒரு விற்பனை, நடுவில் கமா. மூன்றாவது நிரலில் பொருளின் பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தம்பி தட்ட வேண்டியது இவ்வளவுதான் (இங்கே தமிழில் எழுதுகிறேன், தட்டுவது ஆங்கில எழுத்தில்):

கட் -டி, -எஃப்3 விற்பனை.சிஎஸ்வி | சோர்ட் | யுனிக் -சி | சோர்ட் -என்ஆர் | ஹெட்

கட் மூன்றாவது நிரலை மட்டும் அறுத்தெடுக்கும். சோர்ட் அகரவரிசையில் அடுக்கும். யுனிக் ஒரே பெயர்களை ஒன்றாக்கி எத்தனை என்று எண்ணும். அடுத்த சோர்ட் பெரிய எண்ணை மேலே கொண்டுவரும். ஹெட் முதல் பத்து வரிகளைக் காட்டும். ஒரு இலட்சம் வரி இருந்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடும்.

இனித்தான் நீங்கள் பிள்ளையைக் கேட்க வேண்டிய கேள்விகள். ஏன் சோர்ட் இரண்டு தரம்? அடுத்தடுத்து நிற்கும் வரிகளை மட்டும்தான் யுனிக் ஒப்பிடும், அதனால் முதலில் அடுக்கியே ஆக வேண்டும். இரண்டாவது சோர்ட்டில் அந்த 'என்' எதற்கு? அது இல்லாவிட்டால் எண்ணையும் எழுத்தாகப் பார்த்து 200 ஐ 1000 க்கு மேலே வைக்கக்கூடும். இவற்றுக்குத் தடுமாறாமல் பதில் வந்தால் பிள்ளை விளங்கித்தான் தட்டுகிறார். 'யூடியூபில் இப்படித்தான் போட்டிருந்தது' என்று வந்தால் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

மூன்றாவது கேள்வியை அப்பா கேட்கட்டும்: இந்தக் கணக்கு எதைக் காட்டுகிறது? ஐந்து கிலோ ஆணி வாங்கியவரும் ஒரு வரி, நூறு கிராம் வாங்கியவரும் ஒரு வரி. மேலே வந்த எண் பில்லில் எத்தனை தரம் பெயர் விழுந்தது என்பதைத்தான் சொல்கிறது, எவ்வளவு விற்றது என்பதை அல்ல, இலாபத்தைச் சொல்லவே சொல்லாது. தொகையைக் கூட்ட வேண்டுமென்றால் ஓக் என்ற இன்னொரு கருவிக்குப் போக வேண்டும். இந்த வித்தியாசம் கணக்கீடு படித்த பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும். கட்டளை தெரிந்த பலருக்குப் பிடிபடுவதில்லை. வர்த்தகம் படித்துவிட்டு ஐடிக்குப் போவதா என்று நீங்கள் கவலைப்பட்டிருக்கிறீர்கள். என் கணக்கில் அது அவருடைய கையிருப்பு.

பொருளின் பெயருக்குள்ளேயே ஒரு கமா இருந்துவிட்டால், 'பைப், அரை அங்குலம்' என்பதுபோல, கட் அந்த இடத்திலேயே வெட்டிவிடும், விடை பிசகும். இப்படிப் பிசகியதைக் கண்டுபிடித்து, ஏன் என்று தேடி, சரிசெய்கிற பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள். டிப்ளோமாவுக்குப் பணம் கட்டலாமா என்பதற்கு அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. எரிச்சல்பட்டு லப்டொப்பை மூடிவைத்துவிட்டு இரவில் திரும்ப வந்து உட்கார்ந்தால் அதுவும் நல்ல அறிகுறிதான்.

இதெல்லாம் எக்செலிலேயே செய்யலாமே என்று உறவினர் யாராவது சொல்வார். செய்யலாம், பல வேலைக்கு அதுவே போதும். ஆனால் 077 என்று தொடங்கும் போன் நம்பர்கள் உள்ள சிஎஸ்வியை எக்செலில் திறந்து பாருங்கள்: முன்னால் இருக்கும் 0 காணாமல் போய்விடும். 12 இலக்கப் புதிய அடையாள அட்டை எண்ணை அது ஏதோ விஞ்ஞானக் கணக்கு மாதிரிச் சுருக்கிக் காட்டும். கொமாண்ட் லைன் கருவிகள் நீங்கள் சொல்லாத மாற்றம் எதையும் செய்யாது. கிரெப் என்ற தேடல் கட்டளைக்கு இந்த அடையாள அட்டை எண் அருமையான பயிற்சி: பழையதில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும், புதியதில் 12 இலக்கம். இரண்டையும் பிடித்து, இடையில் ஒரு இலக்கம் விடுபட்டதைத் தனியே காட்டும் ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள். உண்மையான ஆட்களின் எண்களைப் போட வேண்டாம், கற்பனையாகவே பட்டியல் செய்யட்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வீட்டிலேயே வருவது நல்லது.

தம்பி, இந்தப் பந்தி உங்களுக்கு. தமிழில் ஒருக்கால் செய்து பாருங்கள். 'அம்மா' என்ற சொல்லை மட்டும் ஒரு கோப்பில் போட்டு டபிள்யூசி கட்டளையால் எண்ணுங்கள். குறிகளை எண்ணும் '-எம்' போட்டால் 5 என்று வரும், பைட்டை எண்ணும் '-சி' போட்டால் 15. கண்ணுக்கு மூன்றெழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள், அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். (கோப்பின் கடைசியில் புதுவரிக் குறி இருந்தால் இரண்டிலும் ஒன்று கூடும்.) பிறகு உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பொன்றை வாங்கி, சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமித்து, அதில் ஒரு தமிழ்ச் சொல்லைக் கிரெப்பால் தேடுங்கள். ஒன்றும் அகப்படாது. பாமினியில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. நம் நாட்டில் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இப்படிக் குவிந்துகிடக்கும் தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, சரிபார்த்து, தேடக்கூடியதாக ஆக்கும் வேலை இன்னும் நிறைய இருக்கிறது. தமிழும் கட்டளையும் இரண்டும் தெரிந்தவர்தான் அதைச் செய்யலாம்.

இன்னொன்று, தம்பி. ஆர்எம் கட்டளை அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, போனது போனதுதான். பெயருக்கு நடுவில் இடைவெளி உள்ள கோப்பை மேற்கோள் குறி இல்லாமல் அழிக்கச் சொன்னால் அது இரண்டு கோப்பாக எடுத்துக்கொள்ளும். கோப்பை நகர்த்தும் எம்வியும் பிரதி எடுக்கும் சீபியும் அதே பெயரில் ஏற்கெனவே இருப்பதன்மேல் கேட்காமலே எழுதிவிடும், கேட்கச் சொல்ல '-ஐ' போட வேண்டும். அப்பாவின் விற்பனைக் கோப்பில் கை வைக்காதீர்கள். பிரதி எடுத்து வேறு கோப்புறையில் வைத்து அதில் விளையாடுங்கள்.

அம்மா, செலவைப் பற்றி. இதற்குப் பெரிய லப்டொப் தேவையில்லை. வின்டோஸ் என்றால் அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதியை மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தருகிறது. பழைய மெஷின் என்றால் உபுண்டு, மின்ட் என்ற லினக்ஸ் வகைகளில் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு ஏற்றலாம். கேம் விளையாடும் லப்டொப் இல்லாமல் ஐடி படிக்க முடியாது என்று சொல்லி கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவுக்கு உங்களைக் கூட்டிப்போனால், ஒரு கடையும் ஏறாமல் திரும்பி வாருங்கள். டேட்டாவும் அதிகம் ஓடாது, 'மேன்' என்று தட்டினால் கட்டளையின் விளக்கம் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. அதை வாசிக்க ஆங்கிலம் வேண்டும். அந்த ஆங்கிலம் நேர்முகத்தேர்வுக்கும் உதவும்.

இது மட்டும் படித்தால் வேலை கிடைக்குமா? கிடைக்காது. வேலைக்குப் போகும் வாசலில் இது அடிப்படை, அவ்வளவுதான். தொழில்நுட்ப உதவி, மென்பொருள் சோதனை, சேவர் கண்காணிப்பு போன்ற ஆரம்ப வேலைகளில், எங்கோ ஒரு சேவர் கோளாறு என்றால் நடப்பதெல்லாம் பதிவாகும் லொக் கோப்பின் கடைசி வரிகளை டெயில் கட்டளையால் ஓடவிட்டு, பிழை விழுந்த வரியைக் கிரெப்பால் பிடிப்பது தினசரிச் சோறு. ஒடிட் நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தாலும் இதே கட்டளைகள் கை கொடுக்கும். சார்ட்டட் கணக்காளர் ஆகிற ஆசை தம்பிக்கு மிச்சம் இருந்தால் அதை விடச் சொல்லாதீர்கள். கண்காணிப்பு வேலைகளில் இரவு ஷிஃப்ட் இருக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு நீங்கள் என்னைத் திட்டக்கூடாது.

பட்டம் வேண்டும் என்றால், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் ஸ்கோர் கைகொடுக்காவிட்டாலும் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம், கணிதப் பிரிவில்தான் உயர்தரம் செய்திருக்க வேண்டும் என்றில்லை. இந்த வருட விண்ணப்ப அறிவித்தலை அவர்களுடைய தளத்திலேயே பாருங்கள், தரகர் வாயால் கேட்க வேண்டாம். திறந்த மூல மென்பொருளில் மாணவர்களை வேலை செய்யவிடும் கூகுளின் கோடைத் திட்டம் 2005 இல் தொடங்கியது. அதன் முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிகம் பேரை அனுப்பியது நம் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். இங்கே இருந்துகொண்டே செய்ய முடிகிற காரியம்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

வெள்ளவத்தை டிப்ளோமாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் கழிவு என்றிருக்கிறார்கள். அந்தக் கழிவு அடுத்த மாதமும் வரும். அதற்கிடையில் அவர்களிடம் இரண்டே விஷயத்தைக் கேளுங்கள்: நிறுவனமும் இந்தக் கோர்ஸும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, என்விகியூ என்ற தேசியத் தொழில் தகைமையில் எத்தனையாம் மட்டம்? மொத்தம் 7 மட்டம், டிப்ளோமா என்பது 5 அல்லது 6. பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தரத் தயங்கினால், பாதி விலைக்குத் தந்தாலும் கட்ட வேண்டாம்.